எர்ஸ்கின் சில்டர்ஸ்: புதிர் எங்கே இருக்கிறது?

எர்ஸ்கின் சில்டர்ஸைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவர் எழுதிய ஒரே நாவலின் தலைப்பை எடுத்து அவர் கழுத்திலேயே மாட்டிவிடலாம். ‘மணல்திட்டுகளின் புதிர்’ எழுதியவர் என்பதால் அவரும் புதிராகிவிடுவார். 1977இல் ஆண்ட்ரூ பாயில் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்குத் தலைப்பே அதுதான். அதற்கு முந்தைய ஆண்டு வந்த பர்க் வில்கின்சனின் நூலோ, மதம் மாறியவனுக்கு வரும் ஆவேசத்தைத் தலைப்பாக்கிக்கொண்டது. உள்ளே என்ன எழுதியிருந்தாலும் அட்டையிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது.

கதை எப்போதும் ஒரே வரிசையில்தான் சொல்லப்படுகிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுத்தர். போயர் போருக்குத் தானாக முன்வந்து போனவர். ஜெர்மனி படையெடுத்து வரும் என்று நாவல் எழுதி நாட்டை உசுப்பியவர். பிறகு திடீரென்று தன் பாய்மரப் படகில் அயர்லாந்துக்குத் துப்பாக்கி கொண்டுபோனார். சில வாரங்களில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார், விருதும் வாங்கினார். போர் முடிந்ததும் அயர்லாந்துக் குடியரசுவாதியானார்; அதிலும் சமரசத்துக்கு இறங்கிவராத கட்சியில் நின்றார். 1922 நவம்பர் 24 அன்று காலையில், 52 வயதில், டப்ளினின் பெகர்ஸ் புஷ் படைமுகாமில் அயர்லாந்து அரசின் சிப்பாய்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

லண்டன் அவரைத் துரோகி என்றது. டப்ளின் ஆட்சியாளர்கள் ஆங்கிலேயன் என்றார்கள். அவர்மீது இரக்கம் கொண்டவர்கள்கூட, ஆபத்தைத் தேடி அலைந்த நிலைகொள்ளாத மனிதர் என்றுதான் எழுதினார்கள். பாவம், சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர், கடல் பித்துப் பிடித்தவர், எதிலாவது தன்னைக் கரைத்துக்கொள்ளத் துடித்தவர் என்று போகும் அந்த விளக்கம்.

எனக்கு இதில் எந்தப் புதிரும் தெரியவில்லை. சில்டர்ஸ் கோப்பு படித்துப் பழகிய அரசு ஊழியர். ஆழம் பார்த்துப் படகு ஓட்டியவர். சான்று மாறியபோது கருத்தை மாற்றிக்கொண்டார். அதுவும் ஒரே இரவில் அல்ல, ஆண்டுக்கணக்கில், ஒவ்வொரு படியையும் எழுதிவைத்துக்கொண்டு. ஊரில் எல்லாரும் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் காரியத்தை நிஜமாகவே செய்த ஒருவரை மனக்கோளாறு உள்ளவராகப் பார்ப்பது அவருடைய எதிரிகளுக்கு வசதியாக இருந்தது. நூறாண்டு கழித்து நாமும் அதையே ஏன் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்?

அநாதை என்ற விளக்கத்தை முதலில் முடித்துவிடலாம். அவருடைய தந்தை ராபர்ட் சீசர் சில்டர்ஸ் இலங்கை சிவில் சர்வீஸில் இருந்தவர். காலனி அதிகாரிகள் பலர் அங்கே காப்பித் தோட்டங்களையும் வேட்டையையும் கவனித்துக்கொண்டிருந்தபோது, அவர் பௌத்த பிக்கு ஒருவரிடம் மாணவராக உட்கார்ந்து பாலி கற்றார். உடல்நிலை கெட்டு 1864இல் இங்கிலாந்து திரும்பி, முதல் பாலி–ஆங்கில அகராதியை இரண்டு பகுதிகளாக 1872லும் 1875லும் வெளியிட்டார். 1876இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு 38 வயது. நோய் தாய்க்கும் தொற்றியது. குழந்தைகளிடமிருந்து அவரைப் பிரித்து மருத்துவ இல்லத்துக்கு அனுப்பினார்கள். பிள்ளைகள் அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்தில், அன்னமோ கிராமத்துக் கிளென்டலக் இல்லத்தில், தாய்வழி உறவினரான பார்ட்டன் குடும்பத்தோடு வளர்ந்தார்கள். துயரமான பிள்ளைப் பருவம்தான். ஆனால் விக்டோரியா கால பிரிட்டனில் காசநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் யாரும் டப்ளின் அருகே ஹௌத் துறைமுகத்தில் துப்பாக்கி இறக்கவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு ஏதாவது வந்தது என்று சொல்லியே தீரவேண்டுமென்றால், அகராதி தொகுப்பவனின் பிடிவாதம் வந்தது என்று சொல்லலாம்.

1895இல் அவர் மக்களவையின் குழு எழுத்தரானார். பதினைந்து ஆண்டுகள் அந்த வேலை. மசோதாக்களின் வாசகங்களை ஒழுங்குபடுத்துவது, குழுக்களின் நடவடிக்கைகளைப் பதிவுசெய்வது, எந்த உட்பிரிவு எதோடு முரண்படுகிறது என்று பார்ப்பது. வெளியே யாருக்கும் பெயர் தெரியாத வேலை இது. எந்தக் கட்சி ஆண்டாலும் ஒரே அக்கறையோடு செய்ய வேண்டியது. கண்ணாடி போட்ட, லேசாக நொண்டி நடக்கும், அதிகம் பேசாத இந்த இளைஞர் விடுமுறை நாட்களில் கடலில் இருக்கிறார் என்ற செய்தி உடன் வேலை செய்தவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர்களில் ஒருவரான பேசில் வில்லியம்ஸ் பின்னாளில் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதினார். நண்பர் எழுதியதுதான் என்றாலும், பின்னால் வந்த தடித்த நூல்களைவிட அதை அதிகம் நம்பலாம் என்பது என் எண்ணம்.

‘ஆபத்தைத் தேடி அலைந்தவர்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அந்தக் கடல் பயணங்களிலிருந்து. பாய்மரப் படகைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் செய்த தீர்ப்பு அது. 1897இல் தன் ‘விக்ஸன்’ படகை ஃபிரிசியத் தீவுகளின் பக்கமும், பிறகு பால்டிக் கடலுக்கும் ஓட்டிப்போனார். அழகான படகல்ல. பழைய உயிர்காப்புப் படகு ஒன்றை மாற்றிக் கட்டியது. ஆழம் குறைந்த இடத்திலும் மிதக்கும். நடுவில் ஏற்றி இறக்கும் பலகை. ஜெர்மனியின் வடகடல் கரைக்கு இந்த மாதிரிப் படகுதான் வேண்டும். அங்கே தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே மைல் கணக்கில் மணல். ஓதம் ஏறும்போது அது கடல். வடிந்ததும் மனிதன் நடந்துபோகலாம். கால்வாய்கள் வளைந்து நெளிந்து ஓடுகின்றன. ஊன்றிய குச்சிகள்தான் அடையாளம், அதுவும் எல்லா இடத்திலும் கிடையாது. ஒரு வழியைக் கடக்க வேண்டுமென்றால் அன்றைய ஓதம் எத்தனை மணிக்கு உச்சம், எத்தனை அடி ஏறும், எந்த மேடு எப்போது நீருக்கு அடியில் போகும் என்றெல்லாம் கணக்குப் போட வேண்டும். கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கிக்கொண்டே போக வேண்டும். கணக்கு அரை மணி நேரம் பிசகினால் படகு மணலில் உட்கார்ந்துவிடும். பனிமூட்டத்தில் இதைச் செய்கிறவனை வீரன் என்று நாவல் வாசகர்கள் சொல்லலாம். செய்கிறவனுக்கு அது கூட்டல் கழித்தல். குழு அறையில் செய்த வேலையையும் மணல்திட்டில் செய்த வேலையையும் ஒரே மூளைதான் செய்தது. தற்செயலோ என்னவோ, 1903இல் வந்த நாவலிலும் இரண்டு பேர்: ஒருவர் வெளியுறவு அலுவலகத்தின் எழுத்தர், இன்னொருவர் படகோட்டி. வாசகர்கள் படகோட்டியைத்தான் சில்டர்ஸ் என்று எடுத்துக்கொண்டார்கள். எழுத்தரை மறந்தார்கள்.

அந்த நாவலால்தான் பிரிட்டன் ஸ்காட்லாந்தின் ரொசைத்தில் கடற்படைத் தளம் அமைத்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். நாவல் கடைக்கு வருவதற்கு முன்பே அந்த இடம் தேர்வாகிவிட்டது. புத்தகத்தின் பின்குறிப்பில் சில்டர்ஸே அதைச் சொல்லியிருக்கிறார். கடைசிப் பக்கம்வரை படிக்காதவர்கள் கட்டிய புகழ் அது.

இனி ‘கட்சி மாறினார்’ என்பதற்கு வருவோம். 1900இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது ஒரு பீரங்கிப் படைப்பிரிவில், குதிரை ஓட்டும் சாதாரணச் சிப்பாயாக. திரும்பியதும் ‘டைம்ஸ்’ வெளியிட்ட போர் வரலாற்றின் ஐந்தாம் தொகுதியை எழுதும் வேலை அவரிடம் வந்தது. போயர்கள் கெரில்லாப் போர் நடத்திய காலம் அதில் வருகிறது. ஆவணங்களில் மூழ்கியவருக்கு முதலில் கண்ணில் பட்டது ராணுவ விஷயம்: குதிரைப்படையின் வாளும் ஈட்டியும் துப்பாக்கி முன்னால் செல்லாக்காசு. 1910இல் அதைத் தனி நூலாக்கினார். ராபர்ட்ஸ் பிரபு முன்னுரை தந்தார். குதிரைப்படை ஜெனரல்கள் கொதித்தார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பிரான்சில் யார் சொன்னது பலித்தது என்று சொல்லத் தேவையில்லை. அடுத்துக் கண்ணில் பட்டது அரசியல். தோற்கடித்த போயர்களுக்கு 1906லேயே பிரிட்டன் சுயாட்சி கொடுத்தது. வானம் இடிந்துவிடவில்லை. அப்படியென்றால் அயர்லாந்துக்கு ஏன் கூடாது?

1908இல் அத்தை மகன் ராபர்ட் பார்ட்டனோடு அயர்லாந்தின் மேற்குப் பகுதியைச் சுற்றினார். ஹோரஸ் பிளங்கெட் தொடங்கிய கூட்டுறவுப் பால்பண்ணைகளைப் பார்த்தார். சுயாட்சியை ஏற்றுக்கொண்டுவிட்டதாக நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1910இல் நாடாளுமன்ற வேலையை விட்டார். அரசு ஊழியராக இருந்துகொண்டே கட்சி பேசக் கூடாது என்பதை அவர் மதித்தார். 1911இல் வந்த ‘ஹோம் ரூலின் சட்டகம்’ நூலில் வரிவருவாய் முதல் காவல்துறை வரை கணக்குப் போட்டிருக்கிறார். பேரரசைவிட்டு வெளியேறு என்று அதில் ஒரு வரி கிடையாது. ஆவேசம் வந்தவர் எழுதும் புத்தகமா அது? உண்மையைச் சொன்னால், தூக்கம் வரவழைக்கும் புத்தகம்.

1914 ஜூலையில்தான் புதிர் தேடுகிறவர்களுக்கு விருந்து. மனைவி மோலி, மேரி ஸ்பிரிங் ரைஸ், விடுப்பில் வந்த பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி கோர்டன் ஷெப்பர்ட், டொனகல் மாவட்டத்துக் கோலா தீவின் இரண்டு மீனவர்கள் ஆகியோரோடு ‘ஆஸ்கார்ட்’ படகில் கிளம்பினார். நார்வேயில் கோலின் ஆர்ச்சர் கட்டிய படகு அது, திருமணப் பரிசாக வந்தது. ஜெர்மனியில் வாங்கிய துப்பாக்கிகளை ஓர் இழுவைக் கப்பலிலிருந்து நடுக்கடலில் இரவில் ஏற்றினார்கள். 900 துப்பாக்கிகள். கீழறையில் கட்டில்களைக் கழற்றி எறிந்து, வைக்கோல் சுற்றிய துப்பாக்கிகளின்மேலேயே படுத்தார்கள், சாப்பிட்டார்கள். வழியில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள். ஐரிஷ் கடலில் புயல். சிறுவயது விபத்தில் கால் ஊனமான மோலி சுக்கான் பிடித்தார். ஜூலை 26 பகல் சொன்ன நேரத்துக்கு ஹௌத்தில் நுழைந்தார்கள். அங்கே சுயாட்சியை ஆதரித்த ஐரிஷ் தொண்டர்படை காத்திருந்தது. அன்று மாலை டப்ளினில் கூட்டத்தின்மீது ராணுவம் சுட்டதில் ஆட்கள் இறந்தார்கள்.

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். அயர்லாந்துக்குச் சுயாட்சி தரும் ஹோம் ரூல் மசோதா மூன்றாம் முறையாக மக்களவையில் நிறைவேறியது அந்த ஆண்டு மே 25. பிரபுக்கள் அவை தடுக்க முடியாதபடி 1911இல் சட்டமும் வந்தாகிவிட்டது. மசோதாவை ஆயுதத்தால் தடுப்போம் என்று அல்ஸ்டர் தொண்டர்படை ஏப்ரலிலேயே லார்ன் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை இறக்கியது, காவல்துறை தடுக்கவில்லை. அவர்களை வாழ்த்தியவர்கள் யார்? பிரிட்டனின் பழமைவாதக் கட்சித் தலைவர்கள். பதினைந்து ஆண்டு அந்த அவையின் ஏடுகளைக் காத்தவருக்கு அதன் வாக்கெடுப்பு விளையாட்டல்ல. அவர் அன்று துப்பாக்கி கொண்டுபோனது நாடாளுமன்றத்தை எதிர்த்தல்ல, அதன் முடிவு காற்றில் போய்விடக் கூடாதென்று. அது விவேகமா என்று கேட்கலாம், நானும் கேட்பேன். முரண்பாடு என்று மட்டும் சொல்ல முடியாது. ஆகஸ்டில் அதே நாடாளுமன்றம், சிறு நாடான பெல்ஜியத்தைக் காக்கவென்று போர் அறிவித்தது. அவர் கடற்படையில் சேர்ந்தார். 1914 கிறிஸ்துமஸ் அன்று குக்ஸ்ஹாவன் மீது நடந்த கடல்விமானத் தாக்குதலில் வழிகாட்டியாகப் பறந்தார். கீழே தெரிந்தது அவர் ஈயக்குண்டு இறக்கிப் பார்த்த அதே கரை.

பிறகு நடந்ததும் அப்படியே. 1917இல் கூடிய ஐரிஷ் மாநாட்டுக்கு அவரைச் செயலாளர்களில் ஒருவராக அரசே அனுப்பியது. சமரசம் எப்படிச் செத்தது என்று அருகிலிருந்து பார்த்தார். 1918 ஏப்ரலில் அயர்லாந்துக்கும் கட்டாய ராணுவ சேவைச் சட்டம். டிசம்பர் தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73 சுதந்திரக் குடியரசு கேட்ட சின் ஃபெயினுக்கு. அதற்குப் பிறகுதான், 1919இல், அவர் டப்ளினில் குடியேறினார். வாக்குப்பெட்டிக்கு முன்னால் ஓடியவரல்ல, பின்னால் போனவர்.

இந்த வாதத்தை என்மேலேயே திருப்பலாம். 1922 ஜூன் தேர்தலில் அயர்லாந்து மக்கள், பிரிட்டனோடு 1921இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஏற்றவர்களுக்குத்தான் பெரும்பான்மை தந்தார்கள். அதை எதிர்த்த சில்டர்ஸ் தன் தொகுதியையே இழந்தார். வாக்கை மதித்தவர் அன்று விலகியிருக்க வேண்டும். புதிய அரசியலமைப்பின் வாசகத்தைத் தேர்தல் நாள் காலையில்தான் வெளியிட்டார்கள், மக்கள் படித்துவிட்டா வாக்களித்தார்கள் என்று அவருடைய தரப்பு கேட்டது. கேள்வி சரியானதுதான், உள்நாட்டுப் போருக்கு அது போதாது. இங்கே நான் அவருக்காக வாதாடப் போவதில்லை. தவறு செய்தார். ஆனால் தவறான தீர்ப்பு வேறு, வெறி வேறு, துரோகம் வேறு. அவரைக் கொன்றவர்கள் மூன்றையும் கலந்து ஒரே குற்றச்சாட்டாக்கினார்கள்.

அந்தக் குற்றச்சாட்டின் அடிவேர் அவர் பிறந்த ஊர். 1922 ஜனவரியில் அயர்லாந்தின் நாடாளுமன்றமான டாயில் சபையில் அவர் ஒரு கேள்வி கேட்க எழுந்தபோது, எந்த ஆங்கிலேயனுக்கும் இங்கே பதில் சொல்ல மாட்டேன் என்று ஒப்பந்தத் தரப்பின் தலைவர் ஆர்தர் கிரிஃபித் வெடித்தார். ஒப்பந்த எதிர்ப்பாளர்களின் தலைவர் டி வலேரா பிறந்தது நியூயார்க்கில். 1916 டப்ளின் எழுச்சிக்காகச் சுடப்பட்ட ஜேம்ஸ் கானலி எடின்பரோவில் பிறந்தவர்; டாம் கிளார்க் இங்கிலாந்தில். அவர்களுக்குக் கேட்காத பிறப்புச் சான்றிதழை, கலப்பு ரத்தமும் அயர்லாந்திலேயே தாய்வீடும் கொண்ட இவரிடம் மட்டும் ஏன் கேட்டார்கள்? விடை எளிது. ஒப்பந்தத்தைப் பிரிவு பிரிவாகப் பிரித்துப் படித்தது இவர். பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி வரும்போது கேட்பவனின் ஊரை விசாரிப்பது நம் ஊரிலும் பார்த்ததுதான்.

ஒப்பந்தத்தை ஏற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கியதும் இந்த ஆங்கிலேயர்தான் நாசவேலைகளுக்கெல்லாம் மூளை என்று கெவின் ஓ’ஹிக்கின்ஸ் போன்ற அமைச்சர்கள் பேசினார்கள். உண்மையில் அவருக்குக் கீழ் ஒரு படையும் இல்லை. தெற்கே மலைப்பகுதிகளில் ஓர் அச்சு இயந்திரத்தோடு இடம் மாறி மாறிச் செய்தித்தாள் நடத்திக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் அவரோடு இருந்த இளைஞர்களில் ஒருவர் பின்னாளில் பெரிய சிறுகதைக்காரரான ஃபிராங்க் ஓ’கானர். அவருடைய தன்வரலாற்றில் வருகிற சில்டர்ஸ் களைத்த, கவனமான, வயதுக்கு மிஞ்சிக் கிழடு தட்டிய மனிதர். பாலங்களைத் தகர்க்கும் சூத்திரதாரியல்ல.

நவம்பர் 10 அன்று, தான் வளர்ந்த கிளென்டலக் இல்லத்திலேயே பிடிபட்டார். கையில் ஒரு சின்னக் கைத்துப்பாக்கி. அதைப் பரிசாகத் தந்தது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸ் என்பார்கள். அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்ற புதிய ஏற்பாட்டின்கீழ் ராணுவ நீதிமன்றம் 17ஆம் தேதி அவரை விசாரித்தது. குற்றப்பத்திரிகையில் சதி கிடையாது, தலைமை கிடையாது, அந்தத் துப்பாக்கி மட்டும். அன்று காலையில்தான் அதே சட்டத்தில் நான்கு இளைஞர்களைச் சுட்டிருந்தார்கள். பெரிய ஆளுக்குப் பாதை போடவே அந்தப் பையன்கள் என்ற சந்தேகம் அன்றே எழுந்தது. ஆட்கொணர்வு மனு 23ஆம் தேதி தள்ளுபடியானது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே மறுநாள் காலை சுட்டுவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் நடைமுறை விதிகளைக் காத்த எழுத்தரை நடைமுறையை மீறிக் கொன்றது ஓர் அரசு. அதைச் சட்ட ஒழுங்கு என்றும் சொல்லிக்கொண்டது. அவரோ சுடவந்த சிப்பாய்கள் ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கினார். தன் மரணத்துக்குக் காரணமானவர்களிடமும் கைகுலுக்க வேண்டும் என்று 16 வயது மகனிடம் வாக்கு வாங்கியிருந்தார். வெறியர்கள் இப்படிச் செய்து நான் படித்ததில்லை. அந்த மகன் 1973இல் அயர்லாந்தின் குடியரசுத் தலைவரானார்.

கைதுச் செய்தி வந்ததும் மகிழ்ந்து, டண்டீ தேர்தல் மேடையில் அவரைக் கொலைகாரத் துரோகி என்று ஏசியவர் வின்ஸ்டன் சர்ச்சில். சில நாட்களில் அந்தத் தொகுதியில் அவர் தோற்றது தனிக்கதை. 1921 பேச்சுவார்த்தையில் கடற்பாதுகாப்புக்கான துணைக்குழுவில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். ஐரிஷ் தூதுக்குழுவின் செயலாளரான சில்டர்ஸ் அங்கே சொன்னதும், பிறகு டாயிலில் சொன்னதும் ஒன்றுதான். ஒப்பந்தம் கனடாவுக்கு உள்ள நிலையைத் தருவதாகச் சொல்கிறது. ஆனால் கனடா மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது. ஆறாம் பிரிவு அயர்லாந்தின் கடலைப் பிரிட்டிஷ் படையிடம் விடுகிறது. ஏழாம் பிரிவு பெரஹேவன், குயின்ஸ்டவுன், லஃப் ஸ்வில்லி துறைமுகங்களைக் கொடுக்கிறது. போர் வந்தால் கேட்கும் வசதியையெல்லாம் கொடு என்கிறது. பிரிட்டன் இறங்கும் போர் ஒவ்வொன்றிலும் அயர்லாந்து தானாகவே இறங்கியதாகிவிடும். இதில் எது கற்பனை, எது வெறி? அந்தக் கரைகளின் ஆழம் தெரிந்த ஒருவர் வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டியது இது. ஐந்து ஆண்டில் மறுபரிசீலனை என்ற வாசகமும் இருந்தது. ஐந்து ஆண்டும் போயிற்று, துறைமுகங்கள் வரவில்லை.

இந்த ஏற்பாடு எப்படிப்பட்டது என்று அவருடைய தந்தை வேலை பார்த்த தீவு பிறகு அனுபவித்தது. 1948இல் இலங்கை டொமினியன் ஆனபோது திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்க விமானத்தளமும் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி பிரிட்டனிடமே இருந்தன; கைக்கு வந்தது 1957இல்.

கிடைத்ததை வைத்து மிச்சத்தைப் பெறலாம் என்று காலின்ஸ் சொன்னதும் பலித்தது. அதை மறைப்பது நேர்மையல்ல. 1938 ஏப்ரலில் டி வலேரா பேசித்தான் துறைமுகங்களை மீட்டார். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஆனால் மீட்டாக வேண்டியிருந்தது என்பதிலேயே சில்டர்ஸ் எண்ணியது சரி என்றாகிறது. அவை பிரிட்டன் கையிலேயே இருந்திருந்தால் அடுத்த ஆண்டு தொடங்கிய உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்திருக்கவே முடியாது. ஏழாம் பிரிவின் முழுப் பொருளும் புரிந்த ஆங்கிலேயர் ஒருவர் அப்போதும் இருந்தார். துறைமுகங்களை விட்டுக்கொடுக்கக் கூடாதென்று 1938 மே மாதம் மக்களவையில் ஏறக்குறையத் தனியாளாக நின்று வாதாடினார். 1945 மே 13 அன்று வெற்றி உரை ஆற்றும்போதும், உலகமே கேட்டுக்கொண்டிருக்க, அந்த ஐரிஷ் துறைமுகங்கள் கிடைக்காமல் போனதைச் சொல்லிக் குமுறினார். அவர் வின்ஸ்டன் சர்ச்சில்.